பனிச்சாலையில் பழைய வேன்: பிரேக் சமநிலை பற்றி வாசகர் கேள்விகள்

குளிர்காலம் தொடங்கியதும் பிரேக் பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே எழுதப்பட்டிருப்பதால், இந்த இதழின் பகுதியை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத, அல்லது இருந்தும் பழுதாகிப்போன பழைய வேன்களை உறைபனியில் ஓட்டுகிறவர்களுக்கான பதில்கள் இவை. ஒவ்வொரு கடிதத்துக்கும் கீழே என் பதில் இருக்கிறது.

கனடாவின் ஸ்காபரோவில் மளிகைப் பொருள்களை வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கும் வேலை செய்கிறேன். என்னுடையது 1990களின் தொடக்கத்தில் வந்த, பின்சக்கரங்களால் ஓடும் அமெரிக்க வேன். ஏபிஎஸ் விளக்கு இரண்டு ஆண்டுகளாக அணையாமல் எரிகிறது. சென்ற ஜனவரியில் எல்லாப் பொருள்களையும் இறக்கிவிட்டு வெறும் வேனுடன் திரும்பும்போது, சிவப்பு விளக்கைக் கண்டு மெல்லத்தான் பிரேக்கை மிதித்தேன். வேனின் பின்பகுதி இடப்பக்கமாகச் சுழன்று எதிர்த்தடத்துக்குள் போய்விட்டது. பணிமனையில் பார்த்துவிட்டு பிரேக்கில் குறையில்லை என்றார்கள். குறை என்னுடைய ஓட்டத்திலா?

உங்கள் ஓட்டத்தில் பெரிய பிழை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மெல்ல மிதித்தபோதுதான் வால் திரும்பியது என்று நீங்கள் எழுதியிருப்பதே, தேட வேண்டிய இடத்தைக் காட்டிவிடுகிறது.

சக்கரம் உருண்டுகொண்டிருக்கும் வரைதான் அதற்குப் பக்கவாட்டுப் பிடிப்பு உண்டு. சுழலாமல் பூட்டிக்கொண்டு சறுக்கத் தொடங்கிவிட்டால், எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் போகும். முன்சக்கரங்கள் பூட்டிக்கொண்டால் ஸ்டீயரிங் பயனற்றுப்போய் வண்டி நேர்கோட்டில் சறுக்கும். அது ஆபத்துத்தான், ஆனாலும் பிரேக்கிலிருந்து காலைச் சற்றுத் தளர்த்தினால் ஸ்டீயரிங் திரும்பக் கைக்கு வந்துவிடும். பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டால், முன்பகுதி மெதுவாகிக்கொண்டிருக்க, பின்பகுதி அதை முந்திப்போக முயலும். அப்படித் தொடங்கிய சுழற்சியை வழுக்கும் தரையில் திருத்துவதற்குக் கிடைக்கும் நேரம் மிகவும் குறைவு. அதனால்தான் பிரேக்கை வடிவமைப்பவர்கள், பூட்டிக்கொள்வதானால் முன்சக்கரமே முதலில் பூட்டிக்கொள்ள வேண்டும் என்ற விதியைப் பிடிவாதமாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

இதை ஒரு கணக்கில் பார்ப்போம். 2,000 கிலோ எடையுள்ள வெறும் வேன் நிற்கும்போது முன்னச்சில் 1,200 கிலோவும் பின்னச்சில் 800 கிலோவும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அச்சுகளுக்கு இடையே 3 மீட்டர், எடைமையத்தின் உயரம் 75 சென்டிமீட்டர். உலர்ந்த தாரில் முழு வலுவுடன் பிரேக் பிடித்தால் ஏறத்தாழ 375 கிலோ பின்னாலிருந்து முன்னுக்கு மாறி, பின்னச்சில் 425 கிலோ மட்டும் எஞ்சும். பனியில் அதே வேன் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் உலர்ந்த சாலையின் வேகக்குறைப்பில் ஏழில் ஒரு பங்கு அளவே பெறும். மாறும் எடையும் 55 கிலோவைத் தாண்டாது. ஆகவே பனியில் பின்சக்கரங்கள், உலர்ந்த சாலையில் இருப்பதைவிடக் கூடுதல் எடையைத் தாங்கி நிற்கின்றன; பிரேக் ஒழுங்காக இருந்தால் அவை முன்சக்கரங்களுக்குப் பின்னரே பூட்டிக்கொள்ள வேண்டும். உங்களுடையது முந்திக்கொண்டது என்றால், பின்சக்கரங்களில் ஏதோ ஒன்று தனக்குரிய பங்கைவிடக் கூடுதலாக இழுத்திருக்கிறது.

அது என்னவாக இருக்கலாம்? முதலாவதாக, முன்னால் டிஸ்க்கும் (சுழலும் தட்டை இருபுறமும் கவ்வும் பிரேக்) பின்னால் டிரம்மும் (சுழலும் உருளையை உள்ளிருந்து அழுத்தும் பிரேக்) உள்ள, பின்சக்கர ஓட்டமுடைய அக்கால அமெரிக்க வண்டிகள் பலவற்றில் மீட்டரிங் வால்வு என்று ஒன்று உண்டு. டிரம்மின் உட்சுவரை அழுத்தும் வளைந்த துண்டுகளான ஷூக்கள் வலிமையான ஸ்பிரிங்குகளை மீறி நகர்ந்து டிரம்மைத் தொடுவதற்குச் சற்று அழுத்தம் வேண்டும்; டிஸ்க் பிரேக்குக்கு அப்படி வேண்டியதில்லை. இரண்டும் ஒன்றாகப் பிடிக்கட்டும் என்று, பெடலின் தொடக்க அழுத்தத்தை அந்த வால்வு முன்சக்கரங்களுக்குப் போகவிடாமல் சிறிது தாமதப்படுத்துகிறது. உலர்ந்த சாலையில் அந்தத் தொடக்க அழுத்தம் ஒரு பொருட்டே அல்ல. பனியிலோ நாம் பயன்படுத்தும் அழுத்தமே அந்த அளவுதான். எனவே மெல்ல மிதிக்கும்போது வேலையைப் பெரிதும் பின் டிரம்கள் ஏற்றுக்கொள்கின்றன. எச்சரிக்கையாக மிதித்தவருக்குத்தான் வால் திரும்புகிறது. அந்த வால்வு பழையதாகி இறுகியிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

இரண்டாவது காரணம் டிரம்மின் உள்ளே இருக்கிறது. சுழலும் டிரம், முன்புற ஷூவைத் தன்னோடு இழுத்துத் தானாகவே இறுக்கிக்கொள்ளும். வடிவமைப்பிலேயே உள்ள இந்தச் சுயஇறுக்கம், இரவு முழுதும் ஈரத்தில் நின்று டிரம்மில் மெல்லிய துரு படர்ந்திருக்கும்போதும், அச்சு சீலிலிருந்து எண்ணெய் கசிந்து ஷூவின் உரசும் பட்டையான லைனிங் நனைந்திருக்கும்போதும், ஷூவின் தேய்மானத்தை ஈடுசெய்யும் ஒரு பக்கத்துத் தானியங்கிச் சரிப்படுத்தி துருவேறி நின்றுவிட்டபோதும், திடீரென்று கவ்வும் குணமாக மாறிவிடுகிறது. உலர்ந்த சாலையில் ஓட்டிப் பார்த்த பணிமனைக்காரருக்கு இது தெரியாது, ஏனெனில் அங்கே டயரின் பிடிப்பு அந்தக் கவ்வலை மறைத்துவிடும். பின்பகுதி இடப்பக்கமாகப் போனது என்ற உங்கள் வரியையும் நான் கவனித்தேன். கனடாவில் சாலை பொதுவாக வலப்புற ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். சறுக்கும் வால் அந்தச் சரிவில் இறங்குவதே இயல்பு. அது மேட்டை நோக்கிப் போயிருப்பதால், வலப்பக்கச் சக்கரமொன்று இடப்பக்கத்தைவிட முன்னதாகப் பிடிக்கிறது என்று ஐயப்பட இடமிருக்கிறது.

இதைக் கருவியில்லாமலே சோதிக்கலாம். முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்னச்சைத் தூக்கி உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிடுங்கள். ஒருவர் பெடலை மிக மெதுவாக அழுத்திக்கொண்டு வர, மற்றவர் ஒவ்வொரு பின்சக்கரத்தையும் கையால் சுற்றிப் பார்க்கட்டும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் உரசத் தொடங்கி ஒரே அழுத்தத்தில் நிற்க வேண்டும். பெடலைத் தொடாதபோதே ஒன்று உரசினால் ஹேண்ட் பிரேக் கேபிள் உறையினுள் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். இப்படிப்பட்ட கேபிள்களை உப்புத் தூவும் நாடுகளில் எண்ணற்ற முறை மாற்றியிருக்கிறேன்.

மூன்றாவதாக, பிரேக்கோடு சேர்த்துக் கியரை 2க்கோ 1க்கோ இறக்கினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இறக்கியிருந்தால், எஞ்சினின் இழுவை முழுவதும் பின்சக்கரங்களில் மட்டுமே விழுந்திருக்கும். மலையிறக்கத்தில் உதவும் இந்தப் பழக்கம், வழுக்கும் சந்தியில் பின்பிரேக்கைக் கூடுதலாக மிதித்ததற்குச் சமமாகிவிடுகிறது. மாறாக, எஞ்சின் இன்னும் சூடேறாமல் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போது கியரை D (டிரைவ்) நிலையில் விட்டுவைத்தால், பின்சக்கரங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டேயிருக்க, முன்சக்கரங்கள் பூட்டியபடி சந்திக்குள் சறுக்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: வேகம் குறைந்ததும், சந்திக்கு முன்பே நியூட்ரலுக்கு மாற்றிவிட்டு, அதன் பிறகு பிரேக்கால் நிறுத்துங்கள்.

ஏபிஎஸ் விளக்கை இனியும் எரியவிடாதீர்கள். 1980களின் பிற்பகுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் அமெரிக்க பிக்கப்புகளிலும் வேன்களிலும் பல, பின்சக்கரங்களுக்கு மட்டுமே ஏபிஎஸ் பெற்று வந்தன. சிக்கனம் கருதிய ஏற்பாடு என்றாலும், வெறுமையாகும்போது பின்னச்சு எவ்வளவு எளிதில் பூட்டிக்கொள்ளும் என்பதை அறிந்தே அப்படிச் செய்தார்கள். விளக்கு எரிகிறதென்றால் அந்தக் காவல் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டுவிட்டது. பெரும்பாலும் துருப்பிடித்த சென்சாரோ அரித்துப்போன வயரோதான் காரணமாக இருக்கும். எஞ்சினைப் பிரிக்கிற அளவு பெரிய வேலை அன்று.

கடைசியாக இந்தத் தூரங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில், பிரேக் பிடித்த கணத்திலிருந்து, நல்ல உலர்ந்த தாரில் 13 மீட்டர். இறுகிய வெண்பனியில் ஏறத்தாழ 40 மீட்டர். பனிக்கட்டியில் 100 மீட்டர். உறைநிலையை ஒட்டிய வெப்பத்தில் மேலே மெல்லிய நீர்ப்படலம் இருந்தால் இதுவும் போதாது. −20 பாகையில் காய்ந்து கிடக்கும் பனியைவிட, பகலில் சற்று உருகி மாலையில் மீண்டும் உறைந்த பனியே கூடுதலாக வழுக்கும். விளக்குச் சந்திகளில், நின்று கிளம்பும் வண்டிகளின் டயர்கள் சுழன்று சுழன்று அதைக் கண்ணாடிபோல் மெருகேற்றியும் விடுகின்றன.

மொன்றியலில் இருக்கிறேன். குளிர்காலத்தில் வேனின் பின்னால் மணல் மூட்டைகள் வைத்தால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எத்தனை கிலோ வைக்கலாம்?

பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்பது பாதி உண்மை. எடை கூடினால் டயரின் பிடிப்பு கூடுகிறது. நிறுத்த வேண்டிய எடையும் அதே அளவு கூடுகிறது. ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால் நிற்கும் தூரம் குறையாது. மூட்டை தருவது வேறொரு நன்மை: வெறும் வேனின் பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்ளும் போக்கை அது குறைக்கிறது; ஏற்றத்தில் கிளம்பும்போது அவை வீணே சுழல்வதையும் குறைக்கிறது. அதற்கு 100 முதல் 150 கிலோ வரை போதும்.

வைக்கும் இடம்தான் எடையைவிட முக்கியமானது. மூட்டைகள் பின்னச்சுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். பின்கதவை ஒட்டிப் போட்டால் வேன் ஒரு நெம்புகோலாகி முன்சக்கரங்களின் எடையைக் குறைத்துவிடும். பிறகு ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது. 20 கிலோ மூட்டைகளாகப் பிரித்து, தரையிலுள்ள கொக்கிகளில் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள், ஏனென்றால் மோதலில் கட்டப்படாத மூட்டை ஓட்டுநரின் முதுகை நோக்கித்தான் வரும். மணல் உலர்ந்ததாக இருக்கட்டும். சிக்கிக்கொண்ட சக்கரத்தின் முன்னால் தூவ அதுவே உதவும், ஈர மணல் கல்லாக உறைந்து கிடக்கும். முந்தைய கேள்வியை எழுதிய வாசகரைப்போலப் பொருள் விநியோகம் செய்கிறவர்கள், அரிசி மூட்டை போன்ற கனமானவற்றை அச்சின் மேல் வைத்து, முடிந்தவரை கடைசியில் இறங்கும்படி வழியை அமைத்துக்கொண்டால் மணலே தேவைப்படாது.

ஆனால் மூட்டை எதுவும் டயருக்கு மாற்றாகாது. உங்கள் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம் என்பதை நீங்கள் அறிவீர்கள். மலைச்சிகரமும் பனித்துகளும் சேர்ந்த சின்னம் பொறித்த நல்ல டயர்கள் நான்கு சக்கரங்களிலும் இருந்த பிறகே மூட்டையைப் பற்றி யோசியுங்கள்.

வட நோர்வேயில் வசிக்கிறேன். பழைய ஜப்பானிய வேன் வைத்திருக்கிறேன். பின்னச்சுக்கும் வண்டியின் அடிச்சட்டத்துக்கும் இடையே ஒரு சிறு கம்பியும், அதன் முனையில் ஒரு பிரேக் வால்வும் இருக்கின்றன. வால்வு துருவேறி அசையவில்லை. புதிதாகக் கிடைப்பது கடினம் என்பதால் அதைக் கழற்றிவிட்டு வெறும் குழாயால் இணைத்துவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார். முன்பு வைத்திருந்தவர் பின்னால் கனமான ஸ்பிரிங்குகளையும் போட்டிருக்கிறார். என்ன செய்யலாம்?

வெறும் குழாயால் இணைக்க வேண்டாம். இதை வேண்டுகோளாகவே எழுதுகிறேன்.

அது சுமையறியும் வால்வு. வேனில் பாரம் ஏறும்போது உடல் தாழ்ந்து அச்சை நெருங்கும். அந்த நெருக்கத்தைக் கம்பி உணர்ந்து வால்வைத் தள்ள, பின்பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் போகும். பாரம் இறங்கினால் உடல் எழும்பும். வால்வு பின்னழுத்தத்தைக் குறைத்துவிடும். ஒரே வேன் காலையில் ஒரு டன் மீனுடனும் மாலையில் வெறுமையாகவும் ஓடுகிறபோது, இரண்டுக்கும் ஒரே பிரேக் பங்கீடு பொருந்தாது என்பதற்காகவே அது வைக்கப்பட்டது. ‘பாரம்’ நிலையில் அது இறுகிவிட்டால் வெறும் வேனின் பின்சக்கரங்கள் வேகமாகப் பூட்டிக்கொள்ளும். வெறும் குழாயும் இதையேதான் செய்யும், நிரந்தரமாக. ‘வெறுமை’ நிலையில் இறுகிவிட்டால், முழுப் பாரத்துடன் இறங்கும்போது முன்பிரேக்குகளே எல்லாவற்றையும் சுமந்து கொதிக்கும். கண்ணாடிபோன்ற பனியில் நாம் கொடுக்கும் அழுத்தமே மிகக் குறைவு என்பதால் அங்கே இந்த வால்வின் பங்கு சிறியதுதான். மணல் தூவிய பனியிலும், இறுகிய வெண்பனியிலும், உருகிய ஈரச்சாலையிலும்தான் அது இல்லாத குறை வெளிப்படும். உங்கள் ஊரில் ஒரே பயணத்தில் இவை மூன்றும் வந்துபோகும்.

கனமான ஸ்பிரிங்குகள் வால்வை ஏமாற்றிக்கொண்டிருக்கின்றன என்பதையும் கவனியுங்கள். அவற்றின்மேல் உடல் எப்போதும் உயர்ந்தே நிற்பதால், பாரம் ஏறினாலும் வால்வு வண்டியை வெறுமையானதாகவே எண்ணும். ஆகவே ஸ்பிரிங்குகளை மூல அளவுக்குத் திருப்புவதா, அல்லது தயாரிப்பாளரின் கையேட்டிலுள்ள அளவைக்கொண்டு கம்பியை மறுபடி ஒழுங்குபடுத்துவதா என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, அதன் பிறகு வால்வை மாற்றுங்கள். புதியது கிடைக்காவிட்டால், அதே மாதிரி வண்டியின் நல்ல நிலையிலுள்ள வால்வை வாங்கிப் பொருத்தி, அழுத்தமானியை முன்னும் பின்னும் இணைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அந்த வேலையின்போதே பின்னச்சுக்குப் போகும் எஃகுக் குழாய்களையும் செம்பு-நிக்கல் குழாய்களாக மாற்றிவிடுவது நல்லது. வால்வையே இறுகவைத்த உப்பு, குழாயை விட்டுவைத்திருக்காது.

நோர்வேயின் வாகனப் பரிசோதனையான ஈயூ-கொன்ட்ரோலில் தேறிவிட்டது என்று ஆறுதலடைய வேண்டாம். ஐரோப்பியப் பரிசோதனை விதியின்படி, ஒரே அச்சிலுள்ள ஒரு சக்கரத்தின் பிரேக் விசை மற்றதன் விசையில் 70 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால் போதும். சக்கரத்தைச் சுழற்றிச் சோதிக்கும் உலர்ந்த உருளையில் 75 விழுக்காடு என்று தேறிய வேன், பனியில் ஒரு பக்கம் இழுக்கவே செய்யும். அச்சிட்டுத் தரும் தாளில் இடது, வலது எண்களை நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். 10 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் நான் டிரம்மைக் கழற்றிப் பார்த்துவிடுவேன்.

பனியில் பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்க வேண்டும் என்று அப்பா சொல்லித் தந்தார். ஓட்டுநர் பயிற்சியில் அழுத்தியபடியே பிடிக்கச் சொன்னார்கள். எது சரி?

இருவரும் சரியாகத்தான் சொன்னார்கள்; அவரவர் மனத்தில் இருந்த வண்டி வேறு. நான்கு சக்கரங்களிலும் ஏபிஎஸ் உள்ள வண்டியில் பெடலை உறுதியாக அழுத்திப் பிடித்தபடி ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். காலின் அடியில் உணரும் அதிர்வு பழுதன்று. அமைப்பு வேலை செய்வதன் அடையாளம். இடையில் காலை எடுத்தால் அதன் வேலையைக் கெடுக்கிறோம்.

ஏபிஎஸ் இல்லாத வேனில் அப்பா சொன்ன முறையே கைகொடுக்கும். ஆனால் அதை வேகவேகமாகக் குத்துவது என்று பலர் புரிந்துகொண்டிருக்கிறார்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளும் விளிம்புவரை மெல்ல அழுத்தி, பூட்டியதை உணர்ந்ததும் அது மீண்டும் உருளும் அளவுக்கு மட்டும் தளர்த்தி, மறுபடி அழுத்துவதுதான் அந்த முறை. பின்சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் உள்ள வண்டி இரண்டுக்கும் இடைப்பட்டது: வாலை அமைப்பு பார்த்துக்கொள்ளும், முன்சக்கரங்கள் பூட்டிக்கொண்டால் தளர்த்துவது உங்கள் காலின் பொறுப்பு.

வால் திரும்பியே விட்டால், முதலில் பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். அந்த நேரத்தில் மனம் மறுக்கும் செயல் இதுதான் என்பதை அறிவேன்; ஆனாலும் பூட்டிய சக்கரம் உருளத் தொடங்காமல் வால் அடங்காது. கிளட்சை மிதியுங்கள், அல்லது நியூட்ரலுக்கு மாற்றுங்கள். வால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்பி, வண்டி நேராகத் தொடங்கும்போதே ஸ்டீயரிங்கையும் நேராக்குங்கள். தாமதித்தால் மறுபக்கம் அடித்துவிடும். கனடாவில் 2011 செப்டம்பர் முதல் தயாராகும் புதிய வேன்களில் கட்டாயமாக உள்ள மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு, இந்த வேலையை ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே பிரேக் பிடித்துச் செய்துவிடுகிறது. பழைய வேன்காரர் கையாலும் காலாலும் பழக வேண்டும். வெறிச்சோடிய, பனி படிந்த வாகன நிறுத்துமிடத்தில், அனுமதி பெற்று, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் பழகிப் பாருங்கள்.

இரண்டு புதிய குளிர்கால டயர்கள்தான் வாங்க முடிந்தது. முன்னாலா, பின்னாலா?

முடிந்தால் கடன் பட்டாவது நான்காக வாங்குங்கள். இரண்டுதான் என்றால் பின்னால். முன்சக்கரங்களால் ஓடும் வேனானாலும் பின்னால்தான். நல்ல டயரை முன்னால் போட்டால் கிளம்பும்போதும் நிற்கும்போதும் வண்டி அருமையாகத் தெரியும். முதல் வளைவில் பிரேக்கைத் தொட்டவுடன் தேய்ந்த பின்சக்கரங்கள் பிடியை விட்டுவிடும். நோர்வேயில் இருந்து வாசிப்பவர்களுக்கு: குளிர்காலத்தில் டயர் வரிப்பள்ளத்தின் ஆழம் 3 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது அங்குள்ள சட்டம்.

இரவு ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்திய வேனின் பின்சக்கரங்கள் காலையில் சுழலவே இல்லை, இழுபட்டுக்கொண்டு வந்தன. ஏன்?

ஈரச்சாலையில் ஓட்டிவந்து நிறுத்தியதால் டிரம்முக்குள் தங்கிய நீர் உறைந்து, லைனிங்கை டிரம்மோடு ஒட்டவைத்துவிட்டது. கேபிளின் உறைக்குள் நீர் புகுந்து உறைந்திருக்கவும் கூடும். எஞ்சினின் வலுவைக்கொண்டு இழுத்துப் பிரிக்க முயன்றால் லைனிங் ஷூவிலிருந்து பெயர்ந்துவிடலாம். கொதிநீர் ஊற்றினால் அதுவும் சேர்ந்து உறையும். டிரம்மின் விளிம்பில் மரச்சுத்தியலால் சுற்றிலும் மெல்லத் தட்டுங்கள், அல்லது வெப்பக்காற்று ஊதியால் சூடேற்றுங்கள். இனி, வீட்டை நெருங்கும்போது ஆளற்ற தெருவில் சில முறை மெல்ல பிரேக் பிடித்து டிரம்மை உலர்த்திவிட்டு, சமதரையில் நிறுத்தி, கியரிலோ பார்க்கிலோ விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். உறைபனி நாள்களில் ஹேண்ட் பிரேக்கை இரவில் போட வேண்டாம். ஆனால் பகலில் நாளுக்கு ஒரு முறையாவது இழுத்து விடுங்கள், இல்லையென்றால் கேபிள் துருவேறி இறுகிவிடும்.